பிள்ளை பெத்தவளை யார் பார்க்கிறது?

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது. பேசிய நடையிலேயே தரப்படுகிறது.)



எனக்கு மைக் பிடித்துப் பேசிப் பழக்கம் கிடையாது. தீர்மான நோட்டு எழுதுவேன். நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் எடை குறைந்தால் சண்டை போடுவேன். மேடை ஏறியதில்லை. "வெளிநாடு போய் வந்திருக்கீங்க, அதைப் பத்திப் பேசுங்க"ன்னு செயலாளர் சொன்னார். விமானத்தைப் பத்தியும் குளிரைப் பத்தியும் பேசினால் எல்லாரும் சிரிச்சுட்டுப் போகலாம். ஆனால் நான் அங்கே போனது என் மகளுக்குப் பேறுகாலம் பார்க்க. அதனால் பிரசவத்தைப் பத்தித்தான் பேசப் போறேன். இந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் பிள்ளை பெத்தவங்க. வெட்கப்பட ஒன்றுமில்லை. மேலாளர் ஐயா மட்டும் மன்னிச்சுக்கணும்.

பேச்சின் கடைசியில் கூட்டமைப்பிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டையும் கேட்டுவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும்

முதலில் என் அக்கா கதை. 1987இல் அவளுக்கு வீட்டில்தான் பிரசவம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. நஞ்சு விழவில்லை. ரத்தம் நிற்கவில்லை. மாட்டு வண்டி கட்டி, மெயின் ரோட்டுக்கு வந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அக்கா போய்விட்டாள். அவளுக்கு வயது 22. 'அந்தக் காலத்தில் எல்லாம் வீட்டிலேயே பெத்துக்கிட்டாங்க'ன்னு யாராவது பெருமை பேசினால் எனக்கு அந்த வண்டிச் சத்தம்தான் கேட்கும். வீட்டில் பெற்றவர்களில் பிழைத்தவர்கள்தான் இன்றைக்குப் பெருமை பேச மிச்சம் இருக்கிறார்கள்.

மூன்று வருஷம் கழித்து, 1990இல், எனக்கும் வீட்டில்தான் பிரசவம். வேறு வழி தெரியாது. எங்கள் ஊர் மருத்துவச்சிப் பாட்டி வந்தார். விட்டத்தில் கயிறு கட்டி அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். "படுக்காதடி, குந்து, நடந்துட்டு வந்து மறுபடி குந்து" என்பார். வெந்நீரில் போட்டு எடுத்த புது பிளேடால் கொடி அறுத்தார். பெண் குழந்தை. என் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். மருத்துவச்சி மட்டும் போகவில்லை. கூலியும் அரிசியும் வாங்கிய பிறகும் என் பக்கத்திலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தார். அவர் ஏன் போகவில்லை என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. உசிலம்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷங்களில் பெண் பிள்ளை பிறந்த முதல் ராத்திரி எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல்தான் வந்தது. என் மகளுக்கு அன்றைக்குத் தொட்டில் திட்டமாக இருந்தது அந்தப் பாட்டிதான்.

1993இல் மகன். இந்தத் தடவை பிடிவாதமாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன், வேண்டாம். எனக்கும் ரத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் போனது. உடனே ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், நின்றுவிட்டது. என் அக்காவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது. அந்த நன்றி எனக்குச் சாகும் வரை உண்டு. ஆனால் அங்கே கேட்ட பேச்சையும் மறக்க முடியாது. வலியில் கத்தினேன். ஒரு ஆயா, "படுக்கும்போது இனிச்சுச்சா, இப்ப என்ன கத்துறே?" என்றார். இங்கே எத்தனை பேர் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், தலை ஆட்டுவது எனக்குத் தெரிகிறது. என் அம்மாவை வராண்டாவோடு நிறுத்திவிட்டார்கள். ஒருத்தர் கையைப் பிடித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

ஒரு பிரசவத்தில் கை பிடிக்க ஆள் இருந்தது, உயிருக்கு உத்தரவாதம் இல்லை. இன்னொரு பிரசவத்தில் உயிருக்கு உத்தரவாதம் இருந்தது, கை பிடிக்க ஆள் இல்லை. என் இரண்டு பிரசவமும் இவ்வளவுதான்.

நாம் ஜெயித்த கணக்கு

நம் மாநிலம் இதில் சும்மா இருக்கவில்லை. என் அக்கா இறந்த அதே 1987இல்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில் மகப்பேறு உதவித் திட்டம் ஆரம்பித்தது. அப்போது 300 ரூபாய். 2006இல் 6,000 ஆனது, 2011இல் 12,000 ஆனது, 2018இலிருந்து ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் செவிலியர் வந்தார்கள். 2004இல் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது கூட ஒரு பெண் துணை இருக்கலாம் என்று கொண்டுவந்தார்கள். 2008இல் 108 வண்டி வந்தது.

இதனால் என்ன ஆனது? ஒரு லட்சம் குழந்தை உயிரோடு பிறந்தால், 2001லிருந்து 2003 வரை எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018லிருந்து 2020 வரை எடுத்த கணக்கில் அது 54. இன்றைக்கு 100 பிரசவத்தில் 99க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான். இது சாதாரண விஷயம் இல்லை. வீடு வீடாக நடந்த கிராம சுகாதார செவிலியர்களின் கால்வலி இதற்குள் இருக்கிறது. செவிலியர் அம்மாவுக்கு ஒரு கைதட்டல் கொடுங்க.

இன்னொரு கணக்கும் உண்டு. 2019லிருந்து 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்குச் சுமார் 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரியில் மட்டும் பார்த்தால் 64. உயிரைக் காப்பாற்ற வயிற்றைக் கிழித்தால் கும்பிடலாம். ஆனால் இரண்டில் ஒருத்திக்கு அது தேவைப்படுமா என்று கேட்க வேண்டியது நாம்தான். வயிற்றில் தையலோடு வீட்டுக்கு வருகிறவளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் நாம்தான் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு இத்தனை வருஷமும் ஒரு வெளிநாட்டுப் பயணமும் தேவைப்பட்டது.

நெதர்லாந்தில் எட்டு நாள்

2023 நவம்பரில் நெதர்லாந்து போனேன். மாப்பிள்ளை அங்கே ஐந்தோவன் என்கிற ஊரில் வேலை பார்க்கிறார். 1990இல் மருத்துவச்சி காவல் காத்த அதே மகள்தான், 33 வயதில் தலைப்பிரசவம். சுக்கு, பூண்டு, பிரசவ லேகியம், வேது பிடிக்க நொச்சி இலை என்று ஒரு பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு போனேன். நான் போய்த்தான் எல்லாம் ஆக வேண்டும் என்ற நினைப்பு.

அங்கே கர்ப்பிணியைப் பார்ப்பது டாக்டர் இல்லை, மருத்துவச்சி. நாலு வருஷம் படித்த மருத்துவச்சி. ஏதாவது சிக்கல் இருந்தால்தான் பெரிய டாக்டரிடம் அனுப்புவார்கள். நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவள் 'நான் வீட்டிலேயே பெத்துக்கிறேன்' என்று சொல்லலாம், அதற்கும் அதே மருத்துவச்சி வருவார். முன்பு அது ரொம்ப அதிகம், இப்போது குறைந்துவிட்டதாம். எனக்கு அதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. அப்புறம்தான் புரிந்தது. அந்த மருத்துவச்சி பையில் ரத்தம் நிற்கிற ஊசி இருக்கிறது. கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வந்துவிடும், கிட்டத்திலேயே ஆஸ்பத்திரி. என் அக்கா விஷயத்தில் இந்த மூன்றும் இல்லை. வீட்டுப் பிரசவம் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் இரண்டும் ஒன்றில்லை. 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்து ஒரு பெண் இறந்துபோனதைப் பேப்பரில் படித்தோம். அந்த வழிக்கு நம் பிள்ளைகள் யாரும் போகக் கூடாது. இதை நான் சத்தமாகச் சொல்கிறேன்.

என் மகள் ஆஸ்பத்திரியில்தான் பெற்றாள். ராத்திரி போனோம். மாப்பிள்ளையும் நானும் உள்ளேயே இருந்தோம். "படுக்கணும்னு கட்டாயம் இல்லை, உனக்கு எப்படி வசதியோ அப்படி இரு"ன்னு மருத்துவச்சி சொல்றார். குந்துவதற்கு வாகாக நடுவில் வெட்டிவிட்ட ஒரு முக்காலி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பாட்டி கயிற்றைக் கட்டிவிட்டுச் சொன்னதைத்தான் இவர் படித்துவிட்டுச் சொல்கிறார். ஒவ்வொரு தடவை பரிசோதிக்கும் முன்னாலும், "இப்போ பார்க்கலாமா?" என்று என் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார். என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

குழந்தை அதிகாலையில் பிறந்தது. விடிந்து ஏழு மணிக்கு, "எல்லாம் நல்லா இருக்கு, வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். நாலு மணி நேரம்கூட ஆகவில்லை! நம் ஊரில் மூன்று நாள் வைத்திருப்பார்களே, இது என்ன அநியாயம் என்று எனக்குக் கோபம். கொட்டுகிற குளிரில் பச்சை உடம்போடு காரில் ஏற்றினோம்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் காலிங் பெல் அடித்தது. ஐம்பது வயதுப் பெண் ஒருவர், சைக்கிளில் வந்திருக்கிறார். பிரசவித்த வீட்டுக்கு வருகிற பராமரிப்பு உதவியாளர். அந்தச் சேவைக்குப் பெயர் 'கிராம்சோர்க்'. என் வாயில் அது 'கிராமச்சோறு' என்றுதான் வந்தது. கடைசி வரை அவரை நான் 'கிராமச்சோறு அம்மா' என்றுதான் கூப்பிட்டேன், அவரும் அதற்கே திரும்பினார்.

அந்த நாட்டில் பிள்ளை பெற்ற எல்லாருக்கும், பணக்காரி ஏழை என்றில்லாமல், இந்த ஆள் வருகிறார். சுமார் எட்டு நாள். மொத்தத்தில் 24 மணி நேரத்துக்குக் குறையாது, தேவைப்பட்டால் 80 மணி வரை போகும். என் மகளுக்கு 49 மணி நேரம். எல்லாரும் கட்டாயம் போட வேண்டிய மருத்துவக் காப்பீட்டிலிருந்து பெரும்பகுதிச் சம்பளம் போகிறது. வீட்டுக்காரர் மணிக்குச் சுமார் 5 யூரோ கொடுத்தால் போதும்.

வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? கையைக் கழுவினார். குழந்தையைப் பார்க்கவில்லை, முதலில் என் மகளிடம் போனார். காய்ச்சல் பார்த்தார், நாடி பார்த்தார், அடிவயிற்றைத் தொட்டுக் கர்ப்பப்பை சுருங்குகிறதா என்று பார்த்தார், எவ்வளவு ரத்தம் போகிறது என்று கேட்டார், தையலைப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினார். அதற்கப்புறம்தான் குழந்தை. எடை, சூடு, பால் குடிக்கிற விதம். என் மகள் மார்க்காம்பு புண்ணாகி அழுதபோது, குழந்தையை எப்படி வாயகலப் பிடிக்க வைப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் கக்கூஸ் கழுவினார், துணியை மெஷினில் போட்டார், ரொட்டி தடவிக் கொடுத்தார். பார்க்க வந்த ஆட்களை, "தாய் தூங்குகிறாள், நாளைக்கு வாங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். ஒரு தாய்க்கு அதைவிடப் பெரிய உதவி உண்டா?

கட்டிலுக்கு நாலு காலிலும் கட்டை வைத்து உயர்த்தியிருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்காக என்று நினைத்தேன். இல்லை, குனிந்து பார்க்கிற அந்த அம்மாவுக்கு இடுப்பு வலிக்கக் கூடாதாம். வேலைக்காரியின் இடுப்பையும் நினைத்துப் பார்த்த ஊர் அது.

எங்களுக்குள் சண்டையும் வந்தது. நான் குழந்தை வாயில் சேனை வைக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கூடாது, ஒரு வயது வரை தேன் தொடவே கூடாது, அதில் இருக்கிற ஒரு கிருமி பச்சைக் குழந்தைக்கு விஷம் என்றார். நம் செவிலியர் அம்மா இதைத்தான் இத்தனை வருஷமாகச் சொல்கிறார், நாம்தான் காதில் வாங்கவில்லை. சாம்பிராணிப் புகைக்கும் கண் மைக்கும் தலையாட்டி மறுத்துவிட்டார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதைப் பார்த்து மட்டும் ஆசையாகக் கேட்டுக் கற்றுக்கொண்டார்.

பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே ஒரு பலகாரம் கொடுப்பார்கள். வட்டமான ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, சர்க்கரைப் பூச்சு போட்ட சோம்பு தூவித் தருவது. ஆண் குழந்தை என்றால் நீலமும் வெள்ளையும், பெண் குழந்தை என்றால் ரோஸும் வெள்ளையும். அந்தச் சோம்புக்கு அவர்கள் பாஷையில் 'குட்டி எலிகள்' என்று பேர். சோம்பு தின்றால் தாய்ப்பால் ஊறும் என்று அந்த ஊர்க் கிழவிகளும் சொல்லியிருக்கிறார்கள். நம் கிழவிகளும் அவர்களும் எங்கேயோ பேசி வைத்திருக்கிறார்கள் போல.

என் மகளுக்குப் பெண் குழந்தை. அங்கே ஐந்தாம் மாச ஸ்கேனிலேயே என்ன குழந்தை என்று சொல்லிவிடுகிறார்கள். நமக்கு 1994இல் சட்டம் போட்டு அதை மறைக்க வேண்டி வந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் ரோஸ் சோம்பு ரஸ்க் நீட்டியபோது எனக்கு என் மாமியார் முகம் திருப்பிய ராத்திரி ஞாபகம் வந்தது. சமையலறைக்குள் போய் அழுதேன். கிராமச்சோறு அம்மா வந்து, பாஷை தெரியாமலேயே, எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார்.

அங்கேயும் எல்லாம் சொர்க்கம் இல்லை. வலி தாங்க முடியவில்லை என்று முதலில் சொன்னபோது, "இன்னும் கொஞ்சம் பொறு" என்றுதான் சொன்னார்கள். முதுகில் போடுகிற மரத்துப்போகிற ஊசியை இரண்டு தடவை கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு வாரம் முழுச் சம்பளத்தோடு லீவு, அதற்கு மேல் ஐந்து வாரம் எழுபது சதச் சம்பளத்தோடு. அதெல்லாம் முடிந்த பிறகு? "எட்டு நாள் கழிச்சு இங்க யாரும்மா இருக்கா? உனக்கும் விசா மூணு மாசம்தானே"ன்னு மகள் சொன்னாள். சொந்தம் சுற்றி இல்லாத ஊர் அது. பக்கத்து வீட்டுக் கதவு திறப்பதே அபூர்வம்.

யாழ்ப்பாணத்து அக்கா

அந்தத் தனிமையில் ஒரு துணை கிடைத்தார். அதே தெருவில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. தமிழ்ப் பேச்சுக் கேட்டுத் தானாக வந்தார். 1992இல் அவருக்கு முதல் குழந்தை. சண்டைக் காலம், யாழ்ப்பாணத்தில் மின்சாரமே கிடையாது, மண்ணெண்ணெய் கிடைப்பதே பாடு.

"எங்கட ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியிலதான் பிள்ளை பிறந்தது. ஜாம் போத்தில் விளக்கு தெரியுமோ? போத்திலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு, துளி எண்ணெய். அந்த வெளிச்சத்திலதான் மிட்வைஃப் அம்மா தைச்சவா" என்றார். அதைவிட என்னை உலுக்கியது அடுத்துச் சொன்னது. "வீட்டுக்கு வந்த பிறகும் அவ சைக்கிள்ல வருவா. முதல் பத்து நாளுக்குள்ள ரெண்டு தரம் கட்டாயம். ரோட்டில என்ன பிரச்சினை எண்டாலும் வருவா."

இலங்கையில் 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்தே இந்தக் குடும்ப நல மருத்துவ மாதுக்கள் வீடு தேடிப் போகிறார்கள். பணக்கார நாடு இல்லை, போரும் நடந்தது, ஆனாலும் தாய்மார்கள் இறப்பதை ரொம்பக் குறைத்துக் காட்டினார்கள். அந்த அக்கா என் மகளுக்குச் சரக்குக் கறி வைத்துக் கொண்டுவந்தார். மல்லி, மிளகு, சீரகம், பூண்டு அரைத்த பத்தியக் குழம்பு. துடக்குக் கழிக்கிற முப்பத்தோராம் நாள் வரை அவர்கள் ஊரில் தாய்க்கு வேலை கிடையாதாம்.

நம் ஊரிலும் தீட்டு என்று ஒதுக்கி வைத்தார்கள். தீட்டு என்று சொன்னது தப்புதான். ஆனால் அந்தச் சாக்கில் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. நாம் தீட்டை விட்டோம், சரி. கூடவே அந்த ஓய்வையும் விட்டுவிட்டோம்.

என் வீட்டில் நடந்தது

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். என் மருமகளைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

2022இல் அவளுக்குச் சிசேரியன். அவளுக்குத் தாய் இல்லை, அதனால் பேறுகாலம் எங்கள் வீட்டில்தான். அந்த வாரம் நம் குழுவுக்குப் பெருங்கடன் விண்ணப்பம். நான் காலையில் பூப்பறிக்கப் போனால், அப்படியே வங்கி, அலுவலகம் என்று சாயங்காலம்தான் வருவேன். மகனுக்கு லீவு கிடையாது. சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டுப் போவேன். அதுவே பெரிய உதவி என்று எனக்கு நினைப்பு. ஆறாம் நாள் தண்ணி வந்தது என்று அவளே குடம் தூக்கியிருக்கிறாள். தையல் விட்டுச் சீழ் வைத்தது. இரண்டு நாள் காய்ச்சலோடு சொல்லாமல் கிடந்தாள். ராத்திரி அழுதாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிள்ளை பெத்தவ அழக்கூடாது, பால் வத்திடும். நாங்கள்லாம் பெக்கலையா?" அவ்வளவுதான் சொன்னேன். செவிலியர் அம்மா வந்து பார்த்துச் சத்தம் போட்டபிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஒரு வாரம் படுக்கையில் இருந்தாள்.

அதற்கப்புறம் நான் வெளிநாடு போய்விட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து கிராமச்சோறு அம்மா கதையை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மருமகள் கதவோரம் நின்று கேட்டாள். எல்லாரும் போனபிறகு மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, அந்த எட்டு நாள்ல எனக்கு ஒரு நாள் கிடைச்சிருந்தாப் போதும்."

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? மகளுக்காகப் பெட்டி கட்டிக் கடல் தாண்டிப் போனவள், ஒரே கூரைக்குள் இருந்தவளைப் பார்க்கவில்லை.

நாம் செய்யக்கூடியது

இதை ஒரு மாமியார் மருமகள் கதையாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. யோசித்துப் பாருங்கள். கர்ப்பமாக இருக்கும்போது அங்கன்வாடியில் பதிவு, ஊசி, ஸ்கேன், சமுதாய வளைகாப்பு என்று எல்லாரும் கவனிக்கிறோம். பிள்ளை வெளியே வந்ததும் எல்லார் கண்ணும் தொட்டிலுக்குப் போய்விடுகிறது. ஆனால் தாய்க்கு ஆபத்து பிரசவத்தோடு முடிவதில்லை. ரத்தப்போக்கு, காய்ச்சல், ரத்தக்கொதிப்பு ஏறி வருகிற வலிப்பு, மனசு உடைந்துபோவது, எல்லாம் அதற்குப் பிறகும் வரும். செவிலியர் அம்மா வருகிறார். ஆனால் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது சர்க்கார் கணக்கு. அவர் தினமும் எல்லா வீட்டுக்கும் எப்படி வர முடியும்?

தினமும் வரக்கூடியது யார்? நாம்தான். ஒவ்வொரு தெருவிலும் நம் குழு இருக்கிறது. சேமிப்புக்கு வாரம் தவறாமல் கூடுகிறோம். ஒருத்தி கடன் தவணை கட்டாவிட்டால் மறுநாளே அவள் வீட்டு வாசலில் நிற்கிறோம். பிள்ளை பெற்றவள் வாசலில் நிற்க முடியாதா?

எங்கள் குழுவில் 2024 சித்திரையிலிருந்து இதைச் செய்கிறோம். பிரசவம் ஆகி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பத்து நாள், தினமும் இரண்டு பேர், முறை வைத்து. ஒருத்தி சமையல், துணி, தண்ணி பார்ப்பாள். இன்னொருத்தி தாய் பக்கத்தில் உட்காருவாள். காய்ச்சல் பார்க்க ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு, வேறு செலவு இல்லை. செவிலியர் அம்மாவிடம் ஒரு நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டு ஐந்து கேள்வி எழுதி வைத்திருக்கிறோம்.

ஒன்று, ரத்தம் எப்படிப் போகிறது? ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுக்க நனைந்தால் காத்திருக்கக் கூடாது. இரண்டு, காய்ச்சல், குளிர் நடுக்கம், கெட்ட வாடை இருக்கிறதா? மூன்று, தையல் சிவந்து வீங்கி நீர் வடிகிறதா? நாலு, விடாத தலைவலி, கண் மங்கல், முகம் வீக்கம், மூச்சு வாங்குதல் உண்டா? ஐந்து, தூங்கினாயா, சாப்பிட்டாயா, மனசு எப்படி இருக்கு?

ஐந்தாவது கேள்வியை வீட்டு ஆட்கள் இல்லாதபோதுதான் கேட்கிறோம். அழுதால் அழ விடுகிறோம். 'அழாதே' என்று சொல்லக் கூடாது, அது எங்கள் குழுவில் தீர்மானமாகவே எழுதியிருக்கிறது. அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டாலும், "செத்துப்போலாம் போல இருக்கு"ன்னு ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே செவிலியரிடம் சொல்கிறோம். ஆபத்து என்றால் 108. சந்தேகம் கேட்க 104.

இதுவரை ஏழு பிரசவம் பார்த்திருக்கிறோம். ஆறு பேருக்கு ஒன்றுமில்லை, ரசம் வைத்துக் கொடுத்ததுதான். ஏழாவது பெண்ணுக்கு ஐந்தாம் நாள் தலைவலி, முகம் வீங்கியிருந்தது. வீட்டில், "தலைக்கு ஊத்தினதால தலைவலி" என்றார்கள். நாலாவது கேள்வி ஞாபகம் வந்து எங்கள் ஆள் விடவில்லை, 108ஐக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தக்கொதிப்பு ரொம்ப ஏறியிருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார்கள். அந்தப் பெண் இப்போது நன்றாக இருக்கிறாள். அன்றைக்குப் பிடிவாதமாக 108ஐக் கூப்பிட்டது யார் தெரியுமா? என் மருமகள்தான்.

நெதர்லாந்தில் காப்பீட்டுப் பணம் இருக்கிறது, இலங்கையில் சர்க்கார் மருத்துவ மாது இருக்கிறார். நம்மிடம் சங்கம் இருக்கிறது. அதனால் கூட்டமைப்பிடம் நான் கேட்பது இதுதான். எல்லாக் குழுவிலும் இரண்டு பேருக்குச் செவிலியர் மூலம் ஒரு நாள் பயிற்சி. குழுவுக்கு ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. மாதக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது, "இந்த மாதம் எத்தனை பிரசவம், பத்து நாளும் போய்ப் பார்த்தோமா?" என்று ஒரு வரி. இதைத் தீர்மானமாகப் போட வேண்டுகிறேன்.

என் அக்காவுக்கு ஒரு ஊசி கிடைக்கவில்லை. அதை இன்றைக்கு சர்க்கார் கொடுக்கிறது. என் மருமகளுக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. அதை நாம்தான் கொடுக்க முடியும். தீர்மானத்தை ஆதரிக்கிறவர்கள் இப்போது கை தூக்கலாம்.